உடனிருக்க ஆள் இல்லாத வார்டு

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கும் வீட்டில் வாரம் வேறு மாதிரி ஓடும். எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை நோய், அதில் சிறுநீரகமும் போய்விட்டது. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் தொண்டு அமைப்பு ஒன்று நடத்தும் மையத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இது அபூர்வமான கதை இல்லை. எங்கள் பிளாட்டில் அதே மாடியில் இன்னொருவர் இருக்கிறார், கீழ் மாடியில் ஒருவர் இருந்தார்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஊரே வீட்டுக்குள் அடங்கியது. எங்களால் அடங்க முடியவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் தவறினால் நீர் நுரையீரலுக்கு ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். போலீஸ் சாலைத் தடுப்பில் காட்டுவதற்கு மையம் ஒரு கடிதம் கொடுத்திருந்தது. பெரும்பாலும் அதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. அம்மா சேலைத் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டுவார். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம் முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். பார்த்ததும் போகச் சொல்லிக் கையசைத்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் மருத்துவமனைகள் பார்வையாளரை நிறுத்தின. தொற்றைத் தடுக்க அது தேவையான முடிவு, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பார்வையாளர் என்று மொத்தமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களில் இரண்டு வகை உண்டு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மாலையில் எட்டிப் பார்ப்பவர் ஒரு வகை. நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது கேட்காது, கடைசியாக என்றைக்கு டயாலிசிஸ் நடந்தது என்று தெரிந்தவர் இன்னொரு வகை. இந்த இரண்டாமவரை நம் ஊர் மருத்துவமனைகள் எப்போதுமே சம்பளம் இல்லாத ஊழியராகத்தான் வைத்திருந்தன. அவர் வெளியே போனபோது அவர் மண்டையில் இருந்த தகவலும் சேர்ந்து வெளியே போனது. அதை எப்படி உள்ளே அனுப்பினோம், எங்கே அது தொலைந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

2021 ஜூலை, ஆகஸ்டு கோலாலம்பூர்க்காரர்களுக்கு மறக்காது. ஜூன் முதல் தேதியிலிருந்து மறுபடியும் முழு முடக்கம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ஜன்னலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். கிள்ளான் பொது மருத்துவமனையில் படுக்கை இல்லாமல் நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆக்சிஜன் எடுத்த படங்கள் எல்லார் கைப்பேசியிலும் சுற்றின. ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் போராட்டமாக வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். ஆகஸ்டு 26ஆம் தேதி நாடு முழுக்க ஒரே நாளில் 24,599 தொற்றுகள், அதுதான் அந்த அலையின் உச்சம். மருத்துவமனைக்கு வரும்போதே இறந்திருந்தவர்களைச் சுகாதார அமைச்சு தினமும் தனியாகக் கணக்கிட்டு அறிவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தனி எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரியாதவர்கள், தெரிந்தும் ஆம்புலன்ஸ் கிடைக்காதவர்கள் எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் என் கணவருக்கு வந்தது. கிடங்கில் வேலை. அம்மா நெருங்கிய தொடர்பு ஆகிவிட்டார். அன்று இரவே மையத்துக்குப் போன் செய்தேன்.

அந்த மையம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோயாளி பாதுகாப்பு என்றால் நடைமுறையில் என்ன என்று நான் பார்த்தது அங்கேதான். தொற்று தொடங்கிய முதல் வாரங்களிலேயே அவர்கள் டயாலிசிஸ் நடக்கும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பீஹூன் பொட்டலமும் மைலோவுமாக இருந்த இடம் அது. நோயாளிகள் முணுமுணுத்தார்கள். நான்கு மணி நேரம் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்றார்கள், அதற்கும் முணுமுணுத்தார்கள். வாசலிலேயே வெப்பநிலை, இருமல் விசாரணை. ஒருவருக்கு வந்தால் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் யார், அந்த நேரத்தில் வேலை செய்த மிஸி (தாதி) யார் என்று உடனே எடுத்துச் சொல்லும் அளவுக்குப் படுக்கைப் பட்டியல் வைத்திருந்தார்கள். நெருங்கிய தொடர்பு என்று தெரிந்தவரை வராதே என்று திருப்பி அனுப்பவில்லை. கடைசி ஷிஃப்டுக்கு மாற்றி, மூலைப் படுக்கையில் போட்டு, ஒரே மிஸி மட்டும் கவனித்து, முடிந்ததும் இயந்திரத்தையும் நாற்காலியையும் துடைத்துக் கிருமி நீக்கினார்கள். ‘வராதே’ என்று சொல்லியிருந்தால் அடுத்த முறை யாருமே உண்மையைச் சொல்லமாட்டார்கள். தலைமை மிஸி இதை என்னிடம் பச்சையாகவே சொன்னார்: “நாங்க தொரத்தினா நீங்க மறைப்பீங்கம்மா. மறைச்சா இங்க எல்லாரும் காலி.”

இதே கணக்கு பெரிய அளவில் தப்பாய்ப் போனதையும் இந்த ஊர் பார்த்தது. 2020 ஏப்ரலில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் இரண்டையும் முள்கம்பி போட்டு மூடினார்கள். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளமாக இருந்த கட்டடங்கள் அவை. மே முதல் தேதி அந்த வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆவணம் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வா என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? அடுத்த கிருமி வந்தாலும் இது ஞாபகம் இருக்கும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மையத்துக்குப் போன் செய்த அன்றே தலைமை மிஸி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “அம்மாவுக்கும் வந்தா ஆம்புலன்ஸ்ல தனியாத்தான் போவாங்க. நீங்க கூடப் போக முடியாது. இப்பவே ஒரு தாள் எழுதி வைங்க.”

எழுதினேன். ஒரே பக்கம், பெரிய எழுத்து, மலாயில். மேலே பெயர், அடையாள அட்டை எண், என் கைப்பேசி எண், என் எண் கிடைக்காவிட்டால் அழைக்க இன்னொரு எண். அதற்குக் கீழே சிறுநீரகச் செயலிழப்பு, திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், கடைசியாக நடந்த தேதி. இந்தத் தேதியை மட்டும் பென்சிலில் எழுதி ஒவ்வொரு முறையும் மாற்றச் சொன்னார் மிஸி. அப்புறம் உலர் எடை, அதாவது உடம்பில் தேங்கிய நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை. அதன் பக்கத்தில் இன்று காலை எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

மருந்துகளைப் பெயர், அளவு, வேளை என்று எழுதினேன். இன்சுலின் இரண்டு வகை, எது எத்தனை யூனிட், எப்போது. ஒவ்வாமை: பெனிசிலின். வெறுமனே ஒவ்வாமை என்று போடாதே, என்ன ஆனது என்று எழுது என்றார் மிஸி. வாந்தி வந்தது ஒன்று, உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது இன்னொன்று. டாக்டர் எடுக்கும் முடிவு இதைப் பொறுத்து மாறும். அம்மாவுக்கு நடந்தது இரண்டாவது. அப்புறம், குடிக்கும் நீருக்கு அளவு உண்டு, டிரிப் ஏற்றும் முன் சிறுநீரக டாக்டரைக் கேட்கவும் என்று ஒரு வரி. வலது காதில் கருவி, தமிழ் பேசுவார், கடைத்தெரு மலாய் மட்டும் தெரியும் என்று இன்னொரு வரி.

கடைசியாக மிஸி சொன்னதுதான் பிறகு காப்பாற்றியது. “தாளு தொலைஞ்சிரும். கையில எழுதுங்க.” டயாலிசிஸ் இணைப்பு இருக்கும் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் ஊசி குத்தக் கூடாது. அழுத்தினால் இணைப்பு அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் கழுத்தில் குழாய் போட வேண்டும், குழாய் வழியாகத் தொற்று வரும். அகலமான வெள்ளை பிளாஸ்டர் ஒன்றை இணைப்புக்கு மேல் படாமல் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டி, அதில் அழியாத மார்க்கரால் இந்தக் கையில் பிபி, ஊசி வேண்டாம் என்று மலாயில் எழுதினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கு” என்றார்.

அம்மாவுக்குப் பாசிட்டிவ் என்று வந்தபோது அரசின் கோவிட் செயலியான மைசெஜாத்ரா வழியாகப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். கோவிட் மதிப்பீட்டு மையத்தின் எண் மணிக்கணக்கில் பிஸி. அப்போது நாட்டில் நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்திருந்தார்கள். அறிகுறி இல்லாதவர் முதல் வகை, அறிகுறி உள்ளவர் இரண்டாவது, நிமோனியா வந்தவர் மூன்றாவது, ஆக்சிஜன் தேவைப்படுபவர் நான்காவது, உயிருக்குப் போராடுபவர் ஐந்தாவது. முதல் இரண்டு வகையும் பெரும்பாலும் கையில் அடையாளப் பட்டையோடு வீட்டிலேயே. அம்மா லேசான காய்ச்சலோடு இரண்டாம் வகைதான். ஆனால் டயாலிசிஸ் நோயாளியை அந்த வகையை வைத்து மட்டும் வீட்டில் விடக் கூடாது. அடுத்த டயாலிசிஸ் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. இதைப் பொது எண்ணில் எடுப்பவருக்கு விளக்க முடியவில்லை. தலைமை மிஸி அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு நேரடியாகப் பேசினார். வழி திறந்தது. அதனால் சொல்கிறேன், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் பொது எண்ணை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நோயாளியை ஏற்கெனவே தெரிந்த பிரிவு எது, அதன் எண் என்ன என்று நல்ல நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிதான் எங்கள் கடிகாரம். 95க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காதே என்று எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பலருக்கு எட்டாத ஒரு செய்தி உண்டு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி 92இலிருந்து 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தது. வெள்ளையரில் 100க்கு 4 பேருக்கும் குறைவு, கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 12 பேர். ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி அளக்கும் கருவி, தோல் கறுக்கக் கறுக்க அதிகமாகக் காட்டிவிடக்கூடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதுபற்றி எச்சரித்தது. நம்மில் பலரின் நிறத்துக்கு இது வெறும் பொது அறிவுச் செய்தி இல்லை. 95 என்று காட்டினால் நிம்மதியாக உட்காராமல் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, நாலடி நடந்தால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்கு உட்கார்ந்திருக்கையில் 96, கழிவறை போய் வந்தால் 92. அதைத்தான் போனில் சொன்னேன், முதல் எண்ணை அல்ல. இணைப்பு உள்ள கையின் விரலில் அளக்காதீர்கள், அந்தக் கையில் ரத்த ஓட்டமே வேறு. நகப்பூச்சு, மருதாணி இருக்கும் விரலும் வேண்டாம்.

அம்மா போனார். சிறு பையில் காதுக்கருவி பேட்டரி, பல்செட் டப்பா, கண்ணாடி, சார்ஜர். எல்லாவற்றிலும் பெயரும் படுக்கை எண்ணுக்கு ஓர் இடமும் விட்டு ஒட்டினேன். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டினேன்.

அன்று இரவு வார்டிலிருந்து ஓர் இளம் டாக்டர் அழைத்தார். மலாய்க்காரப் பெண், குரலில் தூக்கம் இல்லாத களைப்பு, ஆனாலும் மரியாதை குறையவில்லை. “கக் (அக்கா), அம்மாவுக்கு நேற்றுதான் டயாலிசிஸ் நடந்ததாமே, இன்றைக்கு அவசரம் இல்லைதானே?”

“யார் சொன்னது, டாக்டர்?”

“அம்மாவே சொன்னார்.”

நேற்று நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடந்தது, அன்று திங்கள் இரவு. வார இறுதியின் அந்த நீண்ட இடைவெளிதான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எப்போதுமே ஆபத்தான நேரம்.

என்ன நடந்திருக்கும் என்று பிறகு அம்மாவிடம் கேட்டுக் கோத்துப் பார்த்தேன். அவசரப் பிரிவில் துணியையெல்லாம் கழற்றிப் பையில் கட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். தொற்று வார்டில் அப்படித்தான் செய்தாக வேண்டும். கழுத்தில் மாட்டிய தாளும் அந்தப் பைக்குள் போய்விட்டது. காதுக்கருவியும் அதே பையில். அம்மாவுக்குக் கருவி இல்லாவிட்டாலும் எதிரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் பாதி பிடித்துக்கொள்வார். அன்று எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் முகக்கவசமும் அதற்கு மேல் பிளாஸ்டிக் திரையும் போட்டிருந்தார்கள். உதடும் இல்லை, குரலும் இல்லை. காது கேளாத வயதானவர்கள் எல்லா ஊரிலும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தார். எல்லாக் கேள்விக்கும் “யா, யா” என்றார். சாப்பிட்டீர்களா, யா. வலி இருக்கிறதா, யா. நேற்று டயாலிசிஸா, யா.

டாக்டரிடம் தேதியைச் சொன்னேன், உலர் எடையைச் சொன்னேன், தாளின் படத்தை அவர் சொன்ன வார்டு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பொட்டாசியம் பார்த்தார்கள், கூடித்தான் இருந்தது. விடிவதற்குள் தனி அறையில் நகரும் இயந்திரத்தைக் கொண்டுவந்து டயாலிசிஸ் செய்தார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்த வெண்மையில் பாதி கிருமி இல்லை, தேங்கிய நீர்தான் என்று மறுநாள் சொன்னார்கள். நீர் எடுத்ததும் ஆக்சிஜன் தேவை குறைந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சு வாங்கினால் கோவிட்டா, நீரா என்று படத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். கடைசி டயாலிசிஸ் தேதியும் எடையும் இருந்தால் பாதி விடை கையில் இருக்கும்.

பிளாஸ்டர் மட்டும் கையோடு இருந்தது. யாரோ அந்தக் கையில் பிபி பட்டையைச் சுற்றப் போய், எழுத்தைப் பார்த்து நிறுத்தி, மறுகைக்கு மாற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தாதி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாராம்.

அந்த டாக்டர்மீது எனக்குத் துளி கோபமும் இல்லை. ஒரே இரவில் எத்தனை பேரைச் சேர்த்திருப்பாரோ. நோயாளி வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு போகாமல் வீட்டுக்குப் போன் செய்து சரிபார்த்தார் பாருங்கள், அதுதான் முறை. அதை அவர் மனசாட்சிக்கு விட்டுவிடாமல் வார்டின் விதியாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உடனிருக்க ஆளை விடாத வார்டு, சேர்த்த சில மணி நேரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அழைப்பு செய்து மருந்து, ஒவ்வாமை, கடைசி சிகிச்சை இந்த மூன்றையும் கேட்டாக வேண்டும்.

நம் பக்கத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் நாளிலேயே அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வார்டுக்கு அழைக்க ஆரம்பித்தார். எல்லை மூடிக் கிடந்தது, வர முடியாத தவிப்பு, புரிகிறது. பட்டர்வொர்த் பெரியம்மா ஒரு பக்கம் அழைத்தார். ஒரே நோயாளிக்காக மூன்று பேர் கூப்பிட்டால் மருந்து கொடுக்க வேண்டிய கை போனைத்தான் பிடித்திருக்கும். அதனால் நான் மட்டும் பேசுவது, பேசியதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவது என்று முடிவு செய்தோம். காலை டாக்டர்கள் சுற்றி வரும் நேரம், அழைக்க மாட்டேன். மதியத்துக்குப் பிறகு ஒரு முறை. ஆக்சிஜன் நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, அடுத்த டயாலிசிஸ் எப்போது, சர்க்கரை எவ்வளவு, புதிதாக என்ன மருந்து. இதற்கு மேல் கேட்பதில்லை. பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதினேன். “எப்படி இருக்காங்க?” என்று கேட்டால் “ஓகே” என்றுதான் பதில் வரும். அந்த ஓகேயை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

பெரியம்மா இன்னொரு வேலையும் செய்தார். கசாயக் குறிப்புகளும், தினம் இளநீர் கொடு என்ற அறிவுரையும் அவரிடமிருந்து ஓயாமல் வந்தன. சிறுநீரகம் போனவருக்கு இளநீர் பொட்டாசிய ஊசி. பெரியம்மாவிடம் சண்டை போடாமல், டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

மருந்தில் நான் கவனமாக இருந்தது ஸ்டீராய்டு விஷயத்தில். 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய மலிவு ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. அம்மாவுக்கும் அதுதான் கொடுத்தார்கள், நல்ல பலன். ஆனால் அது சர்க்கரையை ஏற்றும். அம்மாவுக்கு மலேசிய மில்லிமோல் கணக்கில் 20ஐத் தாண்டியது (மில்லிகிராம் கணக்கில் 360), இன்சுலினைக் கூட்டினார்கள். ஸ்டீராய்டு நின்றதும் சர்க்கரை இறங்கும், கூட்டிய இன்சுலினும் இறங்க வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் இன்சுலின் வேறு நீண்ட நேரம் தங்கும், அதனால் தாழ்சர்க்கரை வந்துவிடும் அபாயம் இரட்டிப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது நான் கேட்டது இதைத்தான்: இந்த இன்சுலின் அளவு ஸ்டீராய்டு காலத்து அளவா, வீட்டு அளவா? கேட்டதும் பட்டியலைத் திருப்பிப் பார்த்துக் குறைத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் அமைதியாக நன்றாக நடந்த ஒன்று, மருந்து விநியோகம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் தொடர் மருந்தை அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடும், காரிலிருந்து இறங்காமல் வாங்கும் கவுண்டரும் தொற்றுக்கு முன்பே இருந்தவைதான். எங்களைப் போன்றவர்கள் அதைக் கண்டுகொண்டதே 2020இல்தான். சந்திப்பு அட்டையோடு கவுண்டரில் பதிந்தால் போதும். இன்றும் நடக்கிறது, வயதானவரை மருந்துக்காக மட்டும் மருத்துவமனையில் உட்கார வைக்கத் தேவையில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு விஷயம் நடந்தது. இரண்டும் கோவிட் பிரச்சினை இல்லை, நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒப்படைக்கும்போது வரும் பிரச்சினை.

முதலாவது, மாத்திரைப் பை. வீட்டில் ஏற்கெனவே நோர்வாஸ்க் இருந்தது. மருத்துவமனைப் பையில் அம்லோடிபின் இருந்தது. இரண்டும் ஒரே ரத்த அழுத்த மாத்திரை, ஒன்று நிறுவனம் வைத்த பெயர், இன்னொன்று மருந்தின் பெயர். இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகி, டயாலிசிஸ் நாற்காலியிலேயே அழுத்தம் விழுந்து மயங்கியிருப்பார். வீட்டுக்கு வந்த அன்று எல்லா மாத்திரையையும் சாப்பாட்டு மேசையில் கொட்டி, அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டதில் பிடிபட்டது. சந்தேகமானதைப் படமெடுத்து மையத்துக்கு அனுப்பினேன். கண் சரியில்லாதவர்கள், தனியாக இருப்பவர்கள் மொத்தப் பையையும் தூக்கிக்கொண்டு எந்த மருந்தகக் கவுண்டருக்கும் போகலாம். பார்த்துச் சொல்வது மருந்தாளுநரின் வேலைதான், தயங்க வேண்டாம்.

இரண்டாவது, மூச்சு. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு வாங்கியது, இரண்டு தலையணை, அப்புறம் மூன்று. எல்லாரும் கோவிட்டின் மிச்சம் என்றார்கள், கொஞ்ச நாளில் போய்விடும் என்றார்கள். மையத்தில் எடை சரியாகத்தான் இருந்தது, ஒவ்வொரு முறையும் பழைய உலர் எடைக்குக் கொண்டுவந்து அனுப்பினார்கள். அந்தச் சரிதான் தப்பு என்று தலைமை மிஸிதான் கண்டுபிடித்தார். மருத்துவமனைப் படுக்கையில் அம்மாவின் சதை கரைந்திருந்தது. ரவிக்கை தோளில் தொங்கியது. சதை குறைந்த இடத்தை நீர் நிரப்பியிருந்ததால் தராசு பழைய எண்ணையே காட்டியது. டாக்டரிடம் பேசி உலர் எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நீர் எடுத்தார்கள். மூச்சு சரியானது.

அதற்குப் பிறகு மையம் தன் நோயாளிகள் எல்லாருக்கும் ஒரு தாள் தயாரித்தது. நான் எழுதியதைவிட ஒழுங்கானது. கடைசி டயாலிசிஸ் தேதி, உலர் எடை, அது எந்தத் தேதியில் முடிவானது, எந்தக் கை, ஒவ்வாமை, தொடர்புக்கு யார், எந்த மொழி. மருத்துவமனைக்குப் போகும் யாருக்கும் ஒரு நகல் கையில், ஒரு நகல் மையத்திலிருந்து நேராக அந்தப் பிரிவுக்கு. திரும்பி வரும் எந்த நோயாளிக்கும், கோவிட்டோ, டெங்கியோ, கால் புண்ணோ, முதல் டயாலிசிஸுக்கு முன் உலர் எடையை மறுபடி பார்ப்பது என்றும் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் அம்மா கால் விரல் புண்ணுக்காக மறுபடியும் வார்டில் சேர்ந்தார். இப்போது உடன் இருக்க விடுகிறார்கள், நானும் இருந்தேன். இருந்தாலும் பிளாஸ்டர் ஒட்டினேன். இந்த முறை அம்மாவே மார்க்கரை எடுத்துக் கொடுத்து, எழுத்து கோணலாக இருக்கிறது, பெரியதாக எழுது என்று சொன்னார்.